மூன்று ஓட்டைக் கத்தரிக்காய்

வெண்டைச் செடியின் கொழுந்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. ஜெயராமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். பஞ்சு மாதிரி இருந்தது. விரலால் தொட்டார். பஞ்சு நகர்ந்தது.

"வசந்தா!"

மொட்டை மாடியிலிருந்து அவர் போட்ட கூச்சலில் அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் பாதித் தெரு அண்ணாந்து பார்த்தது. மனைவி வசந்தகுமாரி கையில் கரண்டியோடு படியேறி ஓடிவந்தாள்.

"என்னங்க, விழுந்துட்டீங்களா?"

"மாவுப்பூச்சி வந்திருக்குடி!"

"இதுக்குத்தானா? நெஞ்சு வலியோன்னு பயந்துட்டேன். அடுப்புல சாம்பார் பொங்குது" என்று திரும்பி இறங்கிப் போய்விட்டாள்.

நெஞ்சு வலி வந்திருந்தால்கூட ஜெயராமன் அப்படிப் பதறியிருக்க மாட்டார். அன்று புதன்கிழமை. ஞாயிற்றுக்கிழமை மகன் வருவான், மருமகள் வருவாள், ஆறு வயதுப் பேத்தி வருவாள். எதற்கு வருவார்கள்? காய் வாங்கிப் போக. செடி போனால் காய் போச்சு. காய் போனால் யார் வருவார்கள்? ஒருவரும் வரமாட்டார்கள். அது அவருக்கு நன்றாகவே தெரியும்.

ஆவடியில் ராணுவத்துக்குத் தளவாடம் செய்கிற தொழிற்சாலையில் முப்பத்துமூன்று வருடம் ஆய்வுப் பிரிவில் இருந்தவர் அவர். வெர்னியர் கருவியால் பல்சக்கரத்தை அளப்பார். சரியாக இருந்தால் பச்சைப் புள்ளி, தலைமுடி அளவு பிசகினாலும் சிவப்புப் புள்ளி. ஓய்வு பெற்றபோது தொழிற்சாலையில் மாலை போட்டு அனுப்பினார்கள். அளக்கிற புத்தியை மட்டும் கழற்றி வாங்கிக்கொள்ள மறந்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவர் மருமகள் ரேணுகா சுட்ட தோசையை அளந்தார், மடித்து வைத்த துணியை அளந்தார், குழந்தைக்குக் கலக்கிய பாலை மோந்து பார்த்தார். வாயால் சொன்னாரே தவிரச் சிவப்புப் புள்ளி வைக்கவில்லை. அதுவே அவர் காட்டிய பெருந்தன்மை.

ஆறே மாதத்தில் மகன் கார்த்திகேசன் பூந்தமல்லியில் ஃப்ளாட் பார்த்துக்கொண்டு போய்விட்டான். "ஆபீஸுக்குப் பக்கம்ப்பா" என்றான். ஆபீஸ் இருந்தது தரமணியில். அம்பத்தூரிலிருந்து போனாலும் பூந்தமல்லியிலிருந்து போனாலும் ஏறக்குறைய ஒரே தூரம். ஜெயராமன் அதையும் அளந்து பார்த்தார்.

அதற்குப் பிறகு பொங்கலுக்கு ஒருமுறை, தீபாவளிக்கு ஒருமுறை. நடுவில் போன் செய்தால் "பார்க்கலாம்ப்பா". இரண்டு வருடம் பார்க்கலாம் பார்க்கலாம் என்றே ஓடியது. ஒரு தீபாவளியன்று ரேணுகா வசந்தகுமாரியிடம், "கடைக் காயெல்லாம் ஒரே மருந்து அத்தை. குழந்தைக்குக் கொடுக்கவே பயமா இருக்கு" என்று பேச்சுவாக்கில் சொன்னாள். பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஜெயராமன் பேப்பரை மடித்தார்.

மறுவாரமே மாடியில் நாற்பது செடி வளர்ப்புப் பைகள் ஏறின. செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்த்தூள் ஒரு பங்கு, மாட்டெரு ஒரு பங்கு. ஒரு பிடி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகவில்லை. கத்தரி, வெண்டை, தக்காளி, பந்தலில் புடலை. முதல் கத்தரிக்காய் காய்த்த அன்று போன் போட்டார்.

"கார்த்தி, ஒரு துளி மருந்து கிடையாது. குழந்தைக்குன்னே வளர்த்தது. ஞாயித்துக்கிழமை வந்து வாங்கிட்டுப் போ. வாடிடும்."

வந்தார்கள்! அடுத்த ஞாயிறும் வந்தார்கள். சனிக்கிழமை காலை ஒரு போன், மதியம் ஒரு போன், சாயங்காலம் ஞாபகப்படுத்த ஒரு போன் போடுவார். ஞாயிறு பதினோரு மணிக்குக் கார் வாசலில் நிற்கும். சாப்பிட்டு, பேத்தி கொஞ்ச நேரம் அவர் மடியில் உட்கார்ந்து, நாலு மணிக்குப் பை நிறையக் காயோடு கிளம்பிவிடுவார்கள். வாரத்தில் மீதி ஆறு நாளும் ஜெயராமன் அந்த ஐந்து மணி நேரத்துக்காகத்தான் தண்ணீர் ஊற்றினார்.

அதில்தான் இப்போது மாவுப்பூச்சி வந்து உட்கார்ந்திருக்கிறது.

அம்பத்தூர் வட்டாரத்து மாடித் தோட்டக்காரர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதை நடத்துகிறவர் திருமுருகன். எதைக் கேட்டாலும் குரல் பதிவிலேயே பதில் அனுப்புவார்.

"கவலையே வேணாம் சார்! வேப்பெண்ணெய், ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு மூடி. கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து அடிச்சு விடுங்க. பூச்சி இருந்த இடம் தெரியாது."

ஒரு மூடி! முப்பத்துமூன்று வருடம் வெர்னியர் பிடித்த மனிதரிடம் சொல்கிற அளவா இது? எந்த பாட்டில் மூடி? வீட்டில் இருந்த மூடிகளையெல்லாம் கூடத்தில் வரிசையாக வைத்தார். இருமல் மருந்து மூடி, பினாயில் மூடி, தேன் மூடி, ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் மூடி. ஒவ்வொன்றிலும் தண்ணீர் நிரப்பி அளந்து, கூட்டி, சராசரி எடுத்தார். அந்தக் கணக்கு முடிய உச்சி வெயில் ஆகிவிட்டது. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, பன்னிரண்டு மணிக்கு நாற்பது பைக்கும் அடித்து முடித்தார்.

பன்னிரண்டரைக்கு திருமுருகனிடமிருந்து இரண்டாவது குரல் வந்தது.

"சார், சொல்ல மறந்துட்டேன். சாயங்காலம் வெயில் தாழ்ந்தப்புறம்தான் அடிக்கணும். வெயில்ல அடிச்சா இலை கருகிடும். மூடின்னா அந்தச் சின்ன பாட்டில் மூடி சார், அஞ்சு மில்லிதான்."

வெள்ளிக்கிழமைக்குள் பூச்சி இருந்த இடம் தெரியவில்லை. இலை இருந்த இடமும் தெரியவில்லை.

எப்படியோ தப்பிய ஏழெட்டுக் கத்தரியை வைத்து அந்த ஞாயிற்றுக்கிழமையை ஒப்பேற்றினார். ரேணுகா பையைத் தூக்கிப் பார்த்தாள். "இந்த வாரம் கம்மியா இருக்கே மாமா? செடிங்க எல்லாம் எப்படி இருக்கு?"

என்ன அக்கறை! ஜெயராமன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஜம்முனு இருக்கும்மா. அடுத்த வாரம் பாரு" என்றார்.

செடி தேற என்ன செய்யலாம் என்று மறுபடி குழுவில் கேட்டார். மீன் அமிலம் என்றார் திருமுருகன். மீன் கழிவும் வெல்லமும் சம எடை, காற்றுப் புகாத டப்பாவில் இருபத்தொரு நாள். ஜெயராமன் அம்பத்தூர் மார்க்கெட்டில் கழிவு கேட்டு வாங்கி, தராசில் நிறுத்து, டப்பாவில் அடைத்தார். அடைத்தவர் இருபத்தொரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா? இடையில் மூன்று ஞாயிற்றுக்கிழமை வருகிறதே! அதுவரை வந்த ஞாயிற்றுக்கிழமையைப் பந்தலில் முன்பே காய்த்துத் தொங்கிய புடலையால் ஒப்பேற்றியவர், ஒன்பதாம் நாள் திறந்துவிட்டார்.

பக்கத்து வீட்டு இளங்கோ மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் வந்து நின்றான். "சார், தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டுல ஏதாச்சும் செத்துக் கிடக்குதா?"

"அது உரம்ப்பா."

"உரமா? என் பொண்டாட்டி கார்ப்பரேஷனுக்கே போன் பண்ணிட்டா சார்."

ஆனால் செடி துளிர்த்தது. பொய் சொல்லக்கூடாது, நாலே நாளில் பச்சைப் பசேல் என்று துளிர்த்தது. கூடவே பூனைகளும் வந்தன. அந்தத் தெருவில் அத்தனை பூனை இருப்பது அதுவரை யாருக்கும் தெரியாது. பைக்குப் பை உட்கார்ந்து மண்ணைப் பறித்து மீனைத் தேடின. மீன் கிடைக்காத எரிச்சலில் தக்காளியைப் பிடுங்கிப் போட்டன.

பூனைக்கு மிளகாய்த்தூள் என்று குழுவில் சொன்னார்கள். வசந்தகுமாரி ஒரு வருடத்துக்கு அரைத்து வைத்திருந்ததில் பாதியை ஜெயராமன் எடுத்துக்கொண்டு போய் மாடியைச் சுற்றிக் கோடு போட்டார். பூனைகள் தும்மிக்கொண்டே ஓடின, திரும்பவே இல்லை. ஜெயராமன் ஜெயித்துவிட்டதாக இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தார்.

பூனை போன இடத்துக்கு எலி வந்தது. பையில் போட்டிருந்த கடலைப் பிண்ணாக்கை முன்பே மோப்பம் பிடித்து, பூனைக்குப் பயந்து காத்திருந்த எலிகள் போலிருக்கிறது. பிண்ணாக்கைத் தின்றன, தண்டைக் கடித்தன, கடைசியில் சொட்டுநீர்க் குழாயையும் கடித்து வைத்தன. காலையில் போய்ப் பார்த்தால் மாடி ஏரியாகக் கிடக்கிறது, கீழே பூஜை அலமாரியில் பிள்ளையார் நனைந்துகொண்டிருக்கிறார்.

"மிளகாய்த்தூள் போச்சு, மூக்கு போச்சு, இப்ப சாமியும் நனைஞ்சாச்சு" என்றாள் வசந்தகுமாரி. "மிச்சம் நான் ஒருத்திதான் இருக்கேன். எனக்கு என்ன வெச்சிருக்கீங்க?"

நனைந்த மண்ணில் வேர் அழுகியது. ஒவ்வொரு பையாகத் தலை சாய்ந்தது. அந்த வாரக் கடைசியில் நாற்பது பையில் முப்பத்தொன்பது காலி. எது வந்தாலும் சாகாத கற்பூரவல்லி ஒன்று மட்டும் மூலையில் தழைத்து நின்றது. கற்பூரவல்லியை வாங்க பூந்தமல்லியிலிருந்து யார் வருவார்கள்?

அன்று சனிக்கிழமை. வழக்கமான போன் போடும் நேரம். போனைக் கையில் வைத்துக்கொண்டு ஜெயராமன் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"உள்ளதைச் சொல்லிடுங்க" என்றாள் வசந்தகுமாரி. "செடி செத்துப்போச்சு, சும்மா வந்துட்டுப் போங்கன்னு."

"சும்மா வருவானா?"

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"சொல்லேன். ரெண்டு வருஷம் சும்மா கூப்பிட்டோமே, வந்தானா? அந்தக் குழந்தை என் மடியில உக்காந்து தாத்தான்னு கூப்பிடறது இந்தக் கத்தரிக்காய் வந்தப்புறம்தானே?" குரல் உடைந்துவிட்டது. அதை மறைக்க மூக்கைச் சிந்தினார். வசந்தகுமாரி உள்ளே போய்த் துணிப்பையைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டாள்.

தெருமுனையில் ஜெபாவின் காய்கறித் தள்ளுவண்டி. அவளுக்கு ஐம்பது வயது இருக்கும். இருபது வருடமாக அதே முனை. கள்ளிக்குப்பத்துக்கு வருகிற, போகிற எந்த வண்டியும் அவளைத் தாண்டித்தான் போகவேண்டும்.

"இன்னா சார், அதிசயமா கீது! தோட்டம் வெச்சதுலேர்ந்து என் வண்டியத் திரும்பியே பாக்க மாட்டியே?"

"கத்தரிக்கா ஒரு கிலோ. வெண்டைக்கா ஒரு கிலோ."

"ஊட்ல விசேஷமா?"

ஜெயராமன் சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "ஜெபா, செடியெல்லாம் போச்சு. நாளைக்குப் பையன் வர்றான். என் தோட்டத்துக் காய்னு கொடுக்கப்போறேன். நான் உன்கிட்ட வாங்கறது அவனுக்குத் தெரியக்கூடாது. அவன் கார் இந்த வழியாத்தான் வரும்."

ஜெபா அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், சொல்லாமல் தராசைக் கையில் எடுத்தாள்.

"கர்த்தர் மேல ஆணையா என் வாய்லேர்ந்து ஒரு வார்த்த வராது சார். வாரா வாரம் வேணுமா?"

"வாரா வாரம் வேணும்."

"அப்ப சனிக்கெழம உனக்குன்னு எடுத்து வெச்சிர்றேன். கம்முனு வந்து வாங்கிக்கினு போ."

நல்ல மனுஷி என்று நினைத்துக்கொண்டே ஜெயராமன் வீடு திரும்பினார்.

மறுநாள் ரேணுகா ஒரு கத்தரிக்காயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண்கள் விரிந்தன. "என்ன மாமா, கடையில வாங்கின மாதிரி பளபளன்னு இருக்கு?"

ஜெயராமனுக்கு உச்சந்தலையில் வியர்த்தது. "கடையிலயா? ஜீவாமிர்த உரம் ஊத்தறேன்ல, அதான் அந்தப் பளபளப்பு."

"ஓ" என்றாள். கத்தரிக்காயை மெதுவாகப் பையில் வைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை கூடத்தில் பேப்பரை விரித்து, கத்தரிக்காய்களை அடுக்கி, துளை போடும் கருவியோடு உட்கார்ந்தார். பூச்சி அரித்தால்தானே மருந்து அடிக்காத காய் என்று நம்புவார்கள்? ஒரு காய்க்கு மூன்று ஓட்டை. முப்பத்துமூன்று வருடம் ஓட்டை பிசகிய உருப்படியையெல்லாம் திருப்பி அனுப்பியவர், இப்போது தாமே ஓட்டை போட உட்கார்ந்தார். ஆனால் கை பழக்கம் விடுமா? ஒவ்வொரு ஓட்டையும் சரியாக மூன்று மில்லிமீட்டர். மூன்றும் அச்செடுத்த முக்கோணம். வெர்னியரில் அளந்து பார்த்துத் திருப்தியானவர், பழக்க தோஷத்தில் பச்சைப் பெயின்ட் டப்பாவைத் தேடினார்.

"புழு இவ்வளவு ஒழுக்கமா கடிக்குமா?" என்று கேட்டாள் வசந்தகுமாரி.

"என் மாடிப் புழு கடிக்கும்."

கடைசியாகக் கொஞ்சம் செம்மண்ணைக் குழைத்துக் காம்பில் தடவினார். பார்த்தால் பத்து நிமிடம் முன்னால் பறித்த மாதிரியே இருந்தது. மறுநாள் ரேணுகா ஓட்டைகளைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள். பளபளப்பைப் பற்றி அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. ஜெயராமன் மனதுக்குள் தனக்கே ஒரு பச்சைப் புள்ளி வைத்துக்கொண்டார்.

ஆனாலும் அவளுக்குத் தோட்டத்தின் மேல் இருந்த அக்கறை குறையவில்லை. ஒரு ஞாயிறு, "மாமா, ஒரு தடவை மேல போய்ச் செடிங்களைப் பார்த்துட்டு வரட்டுமா?" என்றாள்.

ஜெயராமன் படிக்குக் குறுக்கே போய் நின்றார். "வேணாம்மா! இப்பத்தான் பஞ்சகவ்யா தெளிச்சேன். நாத்தம் தாங்காது. குழந்தைக்கு ஆகாது."

அடுத்த ஞாயிறு மறுபடி கேட்டாள். அன்றைக்கு மாடியில் குளவிக் கூடு. அதற்கடுத்த ஞாயிறு கேட்ட கேள்வி வேறு.

"இந்தக் கத்தரிச் செடியெல்லாம் இன்னும் எத்தனை நாளைக்கு மாமா காய்க்கும்? சீசன் முடிஞ்சுடும்ல?"

"சீசனா? காய்ப்பு ஓய்ஞ்சதும் கிளையைக் கழிச்சுக் கவாத்து பண்ணி எரு வெச்சா மறுபடி துளிர்க்கும்மா. ரெண்டு வருஷம் நிக்காம காய்க்கும்!"

"ரெண்டு வருஷமா?" ரேணுகா அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டாள்.

சந்தோஷத்தில் அவளுக்குக் கால் தள்ளாடிவிட்டது என்று ஜெயராமன் வசந்தகுமாரியிடம் ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னார். வசந்தகுமாரி ரசத்தை ஊற்றிவிட்டுப் போனாள்.

கார்த்திகேசனும் ஒருநாள் அவரைத் தனியாக வாசலுக்கு அழைத்துப் போனான். "அப்பா, இந்த வயசுல மாடி ஏறி இறங்கறீங்க, மண்ணு தூக்கறீங்க. கஷ்டமா இருந்தா விட்டுடுங்கப்பா. நாங்க ஒண்ணும் நினைச்சுக்க மாட்டோம். நிஜமா."

பெற்ற மனம் உருகிப்போனது. அப்பாவின் முட்டி வலியைப் பற்றி இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு கவலை! "உனக்காக இதுகூடச் செய்யமாட்டேனா?" என்று அவன் தோளைத் தட்டினார். அடுத்த வாரத்திலிருந்து ஒரு பை இரண்டு பையானது.

மே மாதம் வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு சனிக்கிழமை ஜெயராமன் போகத் தாமதமாகிவிட்டது. ஜெபாவின் வண்டியில் கத்தரியும் இல்லை, வெண்டையும் இல்லை.

"இன்னா சார், எவ்ளோ நேரம் பாத்துக்கினு இருக்கறது? கல்யாண ஊட்டுக்காரன் வந்து மொத்தமா அள்ளிக்கினு பூட்டான். காலிபிளவர்தான் கீது. எட்த்துக்கினு போ."

வேறு வழி? எடுத்துக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை ரேணுகா பையைத் திறந்தாள். உள்ளே இரண்டு காலிஃபிளவர், தும்பைப்பூ மாதிரி வெள்ளையாகச் சிரித்தன.

"காலிஃபிளவரா மாமா? மே மாசத்துலயா? அம்பத்தூர் மொட்டை மாடியிலயா?"

"நிழல்வலை கட்டியிருக்கேன்ல."

ரேணுகா கிட்டே வந்தாள். அவள் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவர் பார்த்ததே இல்லை. "மாமா, உண்மையைச் சொல்லுங்க. கடையில வாங்கினதுதானே? செடியெல்லாம் போயிடுச்சுதானே? சொல்லுங்க மாமா, பரவாயில்ல. நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

கார்த்திகேசனும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். வசந்தகுமாரி சமையலறை வாசலில் நின்று, சொல்லித் தொலையுங்களேன் என்பது போலப் பார்த்தாள். பேத்திகூட விளையாட்டை நிறுத்திவிட்டாள். இதோ மாட்டிக்கொண்டோம், இன்றோடு எல்லாம் போச்சு என்று ஜெயராமன் நினைத்தார். ஒரே ஒரு நொடி உண்மை நாக்கு நுனிவரை வந்தது. அப்போது பேத்தி அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பிடியை இழக்க அவருக்கு மனம் வரவில்லை.

"ஏம்மா, முப்பத்துமூணு வருஷம் இன்ஸ்பெக்‌ஷன்ல இருந்தவன் நான். நான் பாஸ் பண்ண பொருள்ல ஒரு புகார் வந்தது கிடையாது. நான் பொய் சொல்லுவேனா? இந்தக் குழந்தை மேல சத்தியமா…"

"சத்தியமெல்லாம் வேணாம் மாமா!" என்று ரேணுகா பதறிக் குழந்தையை இழுத்துக்கொண்டாள். அவள் முகத்திலிருந்த வெளிச்சம் அணைந்தது. "நம்பறேன். காலிஃபிளவர் நல்லா இருக்கு."

நம்பிவிட்டாள்! கார் கிளம்பிப் போனதும் ஜெயராமன் நாற்காலியில் சாய்ந்து, வெகு நேரம் சிரித்துக்கொண்டிருந்தார். வசந்தகுமாரி மட்டும் சிரிக்கவில்லை.

"அவ முகத்தைப் பார்த்தீங்களா?" என்றாள்.

"பார்த்தேனே. சந்தேகப்பட்டுட்டோமேன்னு வருத்தம்."

ஜூலையும் வந்தது. அந்தச் சனிக்கிழமை ஜெயராமன் நல்ல உற்சாகத்தில் இருந்தார். அடுத்த மாதம் பேத்திக்குப் பிறந்தநாள். இப்போதிருந்தே மூன்று பை கொடுத்துப் பழக்கினால் அன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணிவரைகூட இருக்கச் சொல்லலாம். விடியற்காலையிலேயே ஜெபாவின் வண்டிக்குப் போனார்.

"ஜெபா, இந்த வாரம் கத்தரிக்கா மூணு கிலோ."

ஜெபா தராசைத் தொடவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சார், ஒண்ணு சொல்வேன், கோச்சிக்க மாட்டியே?"

"சொல்லு."

"காய்ல ஓட்டை மட்டும் போடாத சார். ஒரே பேஜாரா கீது. ஓட்டைக் காய எவன் வாங்குவான்? திருப்பி விக்க முடியல."

ஜெயராமனுக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் எங்க வீட்டுக்குள்ள போடற ஓட்டை உனக்கு எப்படித் தெரியும்? திருப்பின்னா என்ன?"

ஜெபா வண்டியின் ஓரத்தில் கிடந்த ஈரச் சாக்கைத் தூக்கினாள். உள்ளே கத்தரிக்காய்கள். ஒவ்வொன்றிலும் மூன்று ஓட்டை. ஒவ்வொரு ஓட்டையும் மூன்று மில்லிமீட்டர். அச்செடுத்த முக்கோணம். அளந்து பார்க்க அவருக்கு வெர்னியர் தேவைப்படவில்லை.

"ஞாயித்துக்கெழம சாயங்காலம் உன் புள்ள காரை இங்க நிப்பாட்டி, 'நீங்க வெச்சுக்கோங்கக்கா'ன்னு பையோட குட்த்துட்டுப் போவாரு. இன்னிக்கு நேத்து இல்ல சார், உன் தோட்டம் காய்ச்ச கொஞ்ச நாள்லேர்ந்தே. ஏதோ ஒரு தபா காய்ல புழு நெளிஞ்சிதாம், கொழந்த பயந்துகிச்சாம். அப்பலேர்ந்து எதையும் ஊட்டுக்கே எட்த்துக்கினு போறதில்ல."

ஜெயராமன் வண்டியின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். போன சனிக்கிழமை போட்ட போன் ஞாபகம் வந்தது. "வந்துடுவோம்ப்பா" என்று கார்த்திகேசன் சொன்ன குரலில் இருந்த களைப்பு இப்போதுதான் அவர் காதில் விழுந்தது.

"வேணாம்னா அப்புறம் எதுக்கு வாராவாரம் வர்றாங்க?" என்று கேட்டார். கேட்டது அவருக்கே கேட்கவில்லை.

"நீ போன் மேல போன் போட்டா வராம இன்னா செய்வாங்க? 'இந்தச் செடிங்க எப்பதான் சாவும்க்கா, அப்பதானே எங்களுக்கு ஒரு ஞாயித்துக்கெழம கெடைக்கும்'னு உன் மருமவ வாரா வாரம் கண்ணு கலங்கிக் கேக்குது சார். நீ கவலப்படாத, 'அதெங்கம்மா சாவப்போவுது, எல்லாம் ஜம்முனு கீது'ன்னு சொல்லி உன் மானத்த நான்தான் காப்பாத்திக்கினு கீறேன்."